வயிற்றுச் சிரைகளைக் காட்டும் யந்திரம்: கெங்குவார்பட்டிக்கு எட்டுமா?

தேனி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கெங்குவார்பட்டி. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில் உள்ள பேரூர். மாவும் தென்னையும் நெல்லும் விளையும் பூமி. அருகே மஞ்சளாறு அணை; சற்றுத் தள்ளித் தேவதானப்பட்டிக் காமாட்சி அம்மன் கோயில். இங்கே ஒருவருக்கு நாள்பட்ட வயிற்று நோவு கண்டால், கஷாயமும் ஓமத் தண்ணீரும் கைகொடுக்காத பிறகு, வீட்டார் வாயிலிருந்து வரும் சொல் ஒன்றுதான்: "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்." ஒரு தலைமுறைக்கு முன் பட்டணத்தாருக்கே புதிதாக இருந்த இந்தச் சொல், இன்று பட்டிதொட்டியெங்கும் புழங்குகிறது.

இது நல்ல மாறுதல்தான். ஆனால் "ஸ்கேன் எடுத்தாகிவிட்டது" என்பதும், "பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது" என்பதும் ஒன்றல்ல. பித்தப்பைக் கல்லையும் சிறுநீரகக் கல்லையும் காட்டுகிற அதே யந்திரம், வயிற்றுக்குள் ரத்தம் ஓடும் சிரைகளின் கோளாற்றையும் காட்ட வல்லது. ஆனால் அதைக் காட்டச் சொல்லி யாராவது கேட்க வேண்டும். கேட்டபடி பார்க்கத் தெரிந்த கை வேண்டும். இவ்விரண்டும் மலையடிவாரத்துக் குடியானவனுக்கு எட்டுகின்றனவா என்பதே இன்று ஆராயத் தக்க விஷயம்.

உடம்புக்குள் ஒரு பாசன ஏற்பாடு

வயிற்றுச் சிரைகளின் அமைப்பைப் பாசனம் அறிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. இருதயத்திலிருந்து தமனிகள் வழியே புறப்படும் ரத்தம் உறுப்புகளுக்குப் பாய்ந்து, சிரைகள் வழியே இருதயத்துக்கே திரும்புகிறது. பெரும்பாலான உறுப்புகளில் இந்தத் திரும்பும் பாதை நேரானது. குடலும் மண்ணீரலும் இதற்கு விலக்கு. இங்கிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குள் நுழைந்து, அங்கே சுத்திகரிக்கப்பட்ட பிறகே மேலே செல்ல வேண்டும். குடலிலிருந்து ஒரு கிளையும் மண்ணீரலிலிருந்து ஒரு கிளையும் கணையத்தின் பின்புறம் வந்து கூடுகின்றன. கூடிய பிறகு அந்த ஆற்றுக்குப் போர்ட்டல் சிரை என்று பெயர். கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதன் வழியாகத்தான் போகிறது.

கல்லீரலுக்குள் இந்த ஆறு நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிகிறது. வடிந்த ரத்தம் மூன்று கல்லீரல் சிரைகளில் சேர்ந்து, முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறும் கீழ்ப் பெருஞ்சிரையில் விழுகிறது. கால்களிலிருந்தும் சிறுநீரகங்களிலிருந்தும் வரும் ரத்தமும் இந்தப் பெருஞ்சிரை வழியேதான் இருதயம் சேருகிறது.

ஆக, தடை ஏற்படக்கூடிய இடங்கள் மூன்று. கல்லீரலுக்கு முன்னே போர்ட்டல் சிரையில் ஏற்படலாம். கல்லீரலுக்குள்ளேயே, மதுவினாலோ காமாலைக் கிருமிகளினாலோ வேறு காரணத்தாலோ அது இறுகிச் சுருங்குவதால் ஏற்படலாம். கல்லீரலுக்குப் பின்னே, கல்லீரல் சிரைகளிலோ பெருஞ்சிரையிலோ ஏற்படலாம். தடை எங்கே என்று தெரிந்தால்தான் வைத்தியம் எதுவென்று தெரியும். மூன்றுக்கும் வெளி அடையாளங்கள் பல சமயம் ஒன்றுபோலவே இருக்கும், பரிகாரங்களோ வெவ்வேறு.

மடை அடைத்தால் கரை உடையும்

மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் சும்மா நிற்பதில்லை. கரையின் பலவீனமான இடத்தைத் தேடுகிறது. போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும்போதும் அதுவே நடக்கிறது. சாதாரணமாக 5 முதல் 10 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் உயர்ந்துவிட்டால், ரத்தம் மாற்று வழி தேடுகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள மெல்லிய சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்கின்றன. மண்ணீரல் வீங்குகிறது. சிலருக்கு வயிற்றில் நீர் கட்டுகிறது. பழைய வைத்திய நூல்கள் மகோதரம் என்று சொல்லும் நிலை இதுதான்.

ஒரு நாள் புடைத்த சிரை வெடிக்கிறது. காலை வரை வேலை பார்த்த மனிதர் மாலையில் ரத்தமாக வாந்தி எடுக்கிறார். அல்லது தார் போலக் கறுத்த மலம் கழிக்கிறார். கல்லீரல் சுருக்க நோயாளிகளில் இப்படி ரத்தம் கசிந்தவர்களில் ஏறத்தாழ 100-க்கு 15 முதல் 20 பேர், இன்றைய சிகிச்சைகள் இருந்தும், ஆறு வாரத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று வைத்திய உலகம் கணக்கிட்டிருக்கிறது. இந்த ஆபத்தை முன்கூட்டியே அறிந்துகொண்டால் தடுக்க வழி உண்டு. எண்டாஸ்கோப்பிக் குழாயைச் செலுத்திப் புடைத்த சிரைகளுக்கு ரப்பர் வளையம் போட்டு அடைக்கலாம். அழுத்தத்தைக் குறைக்கும் மலிவான மாத்திரைகளும் இருக்கின்றன. யாருக்கு ஆபத்து இருக்கிறது என்று அறிவதே முதற்படி. அந்த முதற்படியில்தான் ஒலி யந்திரம் நிற்கிறது.

'காய்ச்சல் கட்டி'யின் கதை

இந்தப் பகுதிக்கு இதில் தனிச் சரித்திரமே உண்டு. பெரியாறு அணை கட்டப்பட்ட காலத்தில் மலைக் காய்ச்சல் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. கம்பம் பள்ளத்தாக்கின் மலையடிவாரங்களில் மலேரியா என்பது வெகுகாலம் பழகிப்போன சத்துரு. காய்ச்சலில் விழுந்து எழுந்தவனின் இடது விலாவுக்குக் கீழே கையில் தட்டுப்படும் வீக்கத்தை மக்கள் 'காய்ச்சல் கட்டி' என்றார்கள். அது வேறொன்றுமல்ல, பெருத்த மண்ணீரல்.

1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டு முயற்சி தொடங்கிய பின் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் அடங்கியது. ஆனால் பெருத்த மண்ணீரல்கள் அத்தோடு மறைந்துவிடவில்லை. காய்ச்சலும் இல்லை, குடிப்பழக்கமும் இல்லை, கல்லீரலும் சுருங்கவில்லை. ஆயினும் மண்ணீரல் பெருத்து, ரத்த வாந்தி எடுக்கும் இளைஞர்களும் நடுவயதினரும் இந்திய ஆஸ்பத்திரிகளுக்கு வந்த வண்ணம் இருந்தனர். கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரையின் நுண் கிளைகள் தடித்து அடைபடுவதால் வரும் இந்த நோய்க்கு 1969-ல் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் தனிப் பெயரே கொடுத்தது: 'சிரோசிஸ் அல்லாத போர்ட்டல் நார்ப்பெருக்கம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். மேல்நாட்டில் அபூர்வமான இது, இந்தியாவில் அவ்வளவு அபூர்வமல்ல.

குழந்தைகளிடம் காணப்படும் இன்னொரு வகையும் உண்டு. போர்ட்டல் சிரையே கல்லீரலுக்கு வெளியில் ரத்தம் உறைந்து அடைபட்டுப் போகிறது. கல்லீரல் ஆரோக்கியமாகவே இருக்கும். பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு நாள் ரத்த வாந்தி. பிறந்த சில நாட்களில் தொப்புள் கொடியில் சீழ் வைத்து, அது சிரை வழியே உள்ளே போனது சிலருக்குக் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் கருதுகிறார்கள். பலருக்குக் காரணம் துலங்குவதில்லை. வீட்டுப் பிரசவங்களில் தொப்புளில் சாம்பலும் சாணமும் வைத்த வழக்கம் ஒழிந்து, ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியது இந்த நோயையும் குறைக்கும் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு.

இந்தக் குழந்தைகளின் விஷயத்தில் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. கல்லீரல் நன்றாக இருப்பதால், ரத்தக் கசிவை அடக்கிவிட்டால் அவர்கள் பெரியவர்களாகி வாழலாம். அடைபட்ட இடத்தைச் சுற்றி மாற்றுக் குழாய் வைத்து ரண சிகிச்சை செய்யவும் வழியுண்டு. ஆனால், "கல்லீரல் கெட்டுவிட்டது" என்று தவறாக நினைத்துக் கைவிட்டாலும், "வெறும் ரத்தசோகை" என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாலும், அந்த வாய்ப்பு நழுவிப் போகும்.

ஒலி எப்படி ஓட்டத்தைக் காட்டுகிறது?

பெரியாறு அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபரில். அடுத்த மாதமே ஜெர்மனியில் ரண்ட்ஜென் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். உயிருள்ள மனிதனின் உடலுக்குள் கத்தியில்லாமல் எட்டிப் பார்க்கும் யுகம் அன்று தொடங்கியது. ஆனால் எக்ஸ்ரே எலும்பைக் காட்டிற்றே தவிர, ரத்தம் ஓடும் சிரையைக் காட்டவில்லை. 1950-களில் போர்ட்டல் சிரையைப் பார்க்க வேண்டுமென்றால் விலாவின் வழியே ஊசியை மண்ணீரலுக்குள் குத்தி, மருந்தைச் செலுத்தி, அது ஓடும்போது எக்ஸ்ரே படம் பிடிப்பார்கள். பெருத்த மண்ணீரலில் ஊசி குத்துவதென்றால் உள்ளுக்குள் ரத்தம் கசியும் அபாயம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டுமே உரிய காரியம் அது.

அந்த நிலையை மாற்றியது ஒலி. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். வயிற்றைப் பார்க்கும் யந்திரம் எழுப்பும் ஒலி நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வு வரை. உடல் திசுக்களில் அது நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, உறுப்புகளின் எல்லைகளில் மோதி எதிரொலியாகத் திரும்புகிறது. முதல் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கப் பிரெஞ்சு விஞ்ஞானி லாஞ்செவின் கையாண்ட அதே தத்துவம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டாக்டர் இயான் டொனால்டு 1958-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, வயிற்றுக் கட்டிகளை ஒலியால் ஆராய்வதைப் பற்றியதுதான். தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது வெறும் நீர்க்கட்டி என்று அவருடைய யந்திரம் காட்டியது. கட்டி அகற்றப்பட்டது, அந்தப் பெண் பிழைத்தார்.

ஓட்டத்தை அறியும் உபாயம் அதற்கும் முந்தியது. 1842-ல் ஆஸ்திரிய விஞ்ஞானி டாப்ளர் ஒரு விதியைச் சொன்னார். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகிப் போகும் ரயிலின் ஊதல் மட்டமாகவும் கேட்பதற்கு அதுவே காரணம். ஓடும் ரத்த அணுக்களில் மோதித் திரும்பும் ஒலியிலும் இதே வித்தியாசம் உண்டு. 1950-களில் ஜப்பானின் சடோமுரா இதை உடலில் கையாண்டார். 1980-களில் அந்த ஓட்டத்தைத் திரையில் வர்ணமாகக் காட்டும் யந்திரங்கள் வந்துவிட்டன.

இந்த வர்ணத்தைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. சிவப்பு சுத்த ரத்தம், நீலம் அசுத்த ரத்தம் என்று பள்ளிப் பாடத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. வழக்கமாகச் சிவப்பு என்றால் கருவியை நோக்கி வரும் ரத்தம். நீலம் என்றால் விலகிப் போகும் ரத்தம். போர்ட்டல் சிரையில் ரத்தம் கல்லீரலை நோக்கிப் போக வேண்டும். அழுத்தம் மிகுந்துவிட்டால் அது திசை மாறிப் பின்னோக்கி ஓடும். அந்த ஒரு செய்தியே டாக்டருக்குப் பாதி நோயைச் சொல்லிவிடும்.

பார்க்கத் தெரிந்தவர் இன்னும் பலவற்றைக் காண்பார். சாதாரணமாக 13 மில்லிமீட்டருக்கு மேற்படாத போர்ட்டல் சிரை அகன்றிருக்கிறதா? நெடுநாள் அடைப்பில் சிரையே காணாமற்போய், அதன் இடத்தில் வேர்க் கொத்துப் போலச் சிறு குழாய்கள் பின்னிக்கிடக்கின்றனவா? மூன்று கல்லீரல் சிரைகளும் திறந்திருக்கின்றனவா? கீழ்ப் பெருஞ்சிரை மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்குகிறதா? கல்லீரல் சிரைகள் அடைபடும் பட்-சியாரி என்னும் நோயில், தனி வடிகால் உள்ள கல்லீரலின் வால் மடல் மட்டும் பெருத்திருக்கும். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு இந்நோய் வருவதுண்டு. இவை அனைத்தையும் ஊசியின்றி, கதிர்வீச்சின்றி அறியலாம். நோயாளி செய்ய வேண்டியது, சுமார் ஆறு மணி நேரம் பட்டினியாக வருவது மட்டுமே. குடலில் காற்று நிறைந்திருந்தால் ஒலி ஊடுருவாது.

யந்திரம் பொய் சொல்லுமா?

பொய் சொல்லாது, ஆனால் கேட்கத் தெரியாதவரிடம் உண்மையையும் சொல்லாது. புதிதாக உறைந்த ரத்தம் சாதாரணப் படத்தில் கறுப்பாகவே தோன்றும். ஓடும் ரத்தமும் கறுப்பாகவே தோன்றும். டாப்ளரைப் போட்டுப் பார்க்காமல், "சிரை நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிட இடமுண்டு. மாறாக, மெதுவாக ஓடும் ரத்தத்தை, வேகமாக ஓடுவதற்கென்று யந்திரத்தைத் திருகி வைத்துக்கொண்டு பார்த்தால், ஓட்டமே இல்லை என்று தோன்றும். இல்லாத அடைப்பு இருப்பதாகச் சீட்டு வந்துவிடும். கருவியைப் பிடிக்கும் கோணம் 60 டிகிரிக்கு மேல் போனால் வேகக் கணக்கு நம்பத் தகாததாகிவிடும்.

இங்கேதான் கிராமத்து நோயாளி நஷ்டப்படுகிறார். வெளிநோயாளிச் சீட்டில் பெரும்பாலும் எழுதப்படுவது 'வயிறு ஸ்கேன்' என்ற இரண்டே வார்த்தை. எதைத் தேட வேண்டும் என்று அதில் இல்லை. வாசலில் கூட்டம் நிற்கும்போது, கல் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா, நீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தவரை அழைப்பதே நடைமுறையாகிவிடுகிறது. டாப்ளருக்கு நேரம் வேண்டும். நேரம்தான் அங்கே இல்லை.

ஒலிக்கு எட்டாத இடத்தில்

பருத்த உடம்பிலும் காற்று நிறைந்த குடலுக்குப் பின்னாலும் ஒலி தோற்றுப்போகும். அப்போது சி.டி. ஸ்கேன் தேவை. 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் முதல் நோயாளியைப் படம் பிடித்த ஹவுன்ஸ்பீல்டின் இந்தக் கண்டுபிடிப்புக்கு 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. கைச் சிரையில் மருந்து செலுத்தி, ஏறத்தாழ 70 நொடியில் படம் எடுத்தால், போர்ட்டல் சிரைத் தொகுதி முழுவதும் வரைபடம் போல விரிந்துவிடும். ரண சிகிச்சைக்கு முன் இது அவசியம். ஆனால் இதில் கதிர்வீச்சு உண்டு. ஒருமுறை வயிற்று சி.டி. எடுத்தால், இயற்கையிலிருந்து சில ஆண்டுகளில் சேரும் அளவு கதிர்வீச்சு ஒரேயடியாகச் சேர்ந்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த மருந்து விஷயத்தில் எச்சரிக்கையும் தேவை. அடிக்கடி பார்க்க வேண்டிய குழந்தைகளுக்குக் கதிர்வீச்சில்லாத எம்.ஆர்.ஐ. உகந்தது. ஆகவே வரிசை தெளிவானது: முதலில் ஒலியும் டாப்ளரும், சந்தேகமோ சிகிச்சைத் திட்டமோ இருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.; உணவுக்குழாய்ச் சிரைகளைக் காண எண்டாஸ்கோப்பி. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றல்ல.

எல்லா விசித்திரமும் வியாதியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றில் ஓரிருவருக்குக் கீழ்ப் பெருஞ்சிரை இரண்டாக இருக்கலாம். இடது சிறுநீரகச் சிரை, பெருந்தமனிக்கு முன்னே போவதற்குப் பதில் பின்னே போகலாம். இவை பிறவி அமைப்புகள்; பெரும்பாலோருக்கு ஆயுள் முழுதும் ஒரு தொந்தரவும் தராதவை. சிறுநீரகம் தானம் செய்கிறவரை அறுப்பதற்கு முன் சர்ஜன் அறிந்திருக்க வேண்டியவை, அவ்வளவே. சிலருக்கு மட்டும் அந்தச் சிறுநீரகச் சிரை இரு தமனிகளுக்கிடையே பாக்குவெட்டியில் அகப்பட்டதுபோல் நசுங்கி, சிறுநீரில் ரத்தமோ இடுப்பு வலியோ உண்டாகிறது. இடது தொடையிலிருந்து வரும் சிரைமீது தமனி அழுத்தி, இடது கால் வீங்குவதும் உண்டு. மே, தர்னர் என்ற இருவர் 1957-ல் இதை விவரித்தார்கள். ஸ்கேன் சீட்டில் புரியாத ஒரு பெயரைக் கண்டு வீடே அழத் தொடங்குவதும், சொத்தை விற்கப் புறப்படுவதும் தேவையில்லை. "இது எனக்குத் தொந்தரவு தருவதா, அல்லது வெறும் அமைப்பா?" என்று டாக்டரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.

சட்டத்தின் நிழல்

யந்திரங்கள் மலிந்துவிட்டனவே, ஊருக்கு ஒன்று வைத்தால் என்ன என்று கேட்கலாம். இங்கே வேறொரு சரித்திரம் குறுக்கே நிற்கிறது. தேனிக்குக் கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. அவ்வட்டாரத்தில் நடந்த பெண் சிசுக் கொலைகளை 1986-ல் பத்திரிகைகள் நாடறியச் செய்தன. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் விரிவடைந்தபோது, அதில் தேனி மாவட்டமும் சேர்க்கப்பட்டது. உயிர் காக்கப் பிறந்த ஒலி யந்திரம், நாட்டின் பல பகுதிகளில் கருவிலேயே பெண்ணை அறிந்து அழிக்கும் கருவியாகத் திரிந்தது. அதைத் தடுக்கவே 1994-ல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. 1996 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது, 2003-ல் கடுமையாக்கப்பட்டது.

அச்சட்டத்தின்படி யந்திரம் பதிவு செய்யப்பட வேண்டும். உரிய தகுதி பெற்ற டாக்டரே கருவுற்ற தாய்மாரைப் பார்க்கலாம். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தனிப் படிவம் நிரப்ப வேண்டும். யந்திரத்தை நினைத்த இடத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. எம்.பி.பி.எஸ். படித்த டாக்டருக்கு ஆறு மாதப் பயிற்சி தேவை என்று 2014-ல் விதி வந்தது.

இந்தச் சட்டம் வேண்டாம் என்று மனசாட்சியுள்ள எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதன் நிழல் விழும் இடத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தனிப் பயிற்சி பெற்ற சோனோகிராபர்கள் ஸ்கேன் எடுக்கிறார்கள். இந்தியாவில் பெரும்பாலும் டாக்டரே கருவியைப் பிடிக்கிறார். குடிநோயாளியான ஐம்பது வயது ஆணின் கல்லீரலைப் பார்க்கும் யந்திரமும், கர்ப்பிணியின் வயிற்றைப் பார்க்கும் யந்திரமும் ஒன்றேயாகையால், இரண்டுக்கும் ஒரே வேலி. அந்த வேலியைப் பிடுங்குவது பரிகாரமல்ல. வேலிக்குள் தகுதி பெற்றவர்களைப் பெருக்குவதே பரிகாரம். ஆறு மாதப் பயிற்சியில் சிசுவை அளப்பதோடு போர்ட்டல் சிரையின் ஓட்டத்தையும் பார்க்கப் பழக்குவது, சட்டத்தில் ஒரு வரியையும் மாற்றாமல் செய்யக்கூடிய காரியம்.

வசதி இல்லையா?

அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பெரியகுளத்தில் மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் மேலே, எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பழைய தலைமுறை அறிந்த மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி. 1994-ல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு ஆஸ்பத்திரிகளில் குறைந்த கட்டணத்தில் சி.டி., எம்.ஆர்.ஐ. வசதிகளை நடத்துகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. பல மாநிலங்கள் பொறாமைப்படத் தக்க ஏற்பாடு இது.

அப்படியானால் குறை எங்கே? படிகள் இருக்கின்றன; ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நோயாளியை ஏற்றிவிடும் கை சில சமயம் இருப்பதில்லை. தோப்புக் கூலிக்காரர் ஒருவர் கெங்குவார்பட்டியிலிருந்து கானாவிலக்கு போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். போன இடத்தில் "நாளை வெறும் வயிற்றோடு வா" என்றால் இரண்டாவது நாளும் போயிற்று. சீட்டில் 'சிரை ஓட்டம் பார்க்கவும்' என்று எழுதாததால் மூன்றாவது முறையும் வரச் சொன்னால், அவர் வரமாட்டார். வயிற்று வலி தணிந்ததும் ஸ்கேன் சீட்டு பரணுக்குப் போய்விடும். பிறகு ரத்த வாந்தியோடு இரவில் 108 வண்டியில்தான் வருவார்.

இதைத் திருத்தப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் சீட்டில் எழுதும் கூடுதல் ஒரு வரி போதும்: "மண்ணீரல் பெருத்திருக்கிறது, ரத்தத் தட்டுகள் குறைவு, போர்ட்டல் சிரை, கல்லீரல் சிரை, டாப்ளர்." பட்டினியாக வர வேண்டும் என்பதை அனுப்பும் இடத்திலேயே சொல்லிவிடலாம். தலைமை ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒரு முற்பகலை டாப்ளருக்கென்றே ஒதுக்கலாம். சி.டி. படங்களை மின்வழியே அனுப்பித் தொலைவிலுள்ள நிபுணரிடம் கருத்துக் கேட்பது இன்று எளிது. ஒலிப் பரிசோதனையோ கையின் வித்தை. அங்கே ஆளையே பயிற்றுவிக்க வேண்டும்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

மக்கள் பங்கும் உண்டு. ரத்த வாந்தியோ தார் நிற மலமோ கண்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. டெங்கு காலத்தில் ரத்தத் தட்டுகள் குறைவது எல்லாரும் அறிந்ததே; ஆனால் காய்ச்சல் தீர்ந்து பல வாரங்களாகியும் தட்டுகள் குறைவாகவே இருந்தால், பெருத்த மண்ணீரல் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றின் மேல்தோலில் சிரைகள் புடைத்துத் தெரிவது, வயிறு நீர் கோத்து உப்புவது, குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே கட்டி தட்டுப்படுவது, ஒரு கால் மட்டும் திடீரென வீங்குவது ஆகியவையெல்லாம் 'வாயு' என்று தள்ளிவிடக் கூடியவையல்ல. சிரை நோய் உள்ளதென்று அறிந்தவர்கள் கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகளைத் தாமாக விழுங்குவது ரத்தக் கசிவை வரவழைப்பதாகும். மதுவை விடுவது எந்த யந்திரமும் செய்யாத நன்மையைச் செய்யும்.

பழைய ஸ்கேன் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதும் சிறிய காரியமல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் 11 மில்லிமீட்டராக இருந்த சிரை இன்று 15 ஆகியிருப்பதை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மஞ்சளாற்றில் எந்த மடை எப்போது அடைத்துக்கொள்ளும், எந்தக் கரை முதலில் கரையும் என்று இவ்வட்டாரத்துக் குடியானவர்களுக்குத் தெரியும். மழைக்கு முன்பே மண்வெட்டியோடு போய்விடுவார்கள். உடம்புக்குள் ஓடும் ஆற்றுக்கும் அந்த முன்யோசனை வேண்டும். பார்க்கும் யந்திரம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. பார்க்கத் தெரிந்தவரை அதன் பக்கத்தில் உட்கார வைப்பதும், கெங்குவார்பட்டி நோயாளியை ஒரே பயணத்தில் அவரிடம் கொண்டு சேர்ப்பதும் இனிச் செய்ய வேண்டிய வேலை. அணை கட்டுவதைவிட அது சுலபமானதே.